மாட்டுப் பூசையும் மாட்டு வயிறும்

மதுரைக்கு வந்து போகும் ஜனங்களில் மாட்டுத்தாவணி என்ற பேரை உச்சரிக்காதவர்கள் இருக்கமாட்டார்கள். இன்று அந்தப் பேரைச் சொன்னால் பஸ் நிலையமும், காய்கறிச் சந்தையும், பூச்சந்தையுமே நினைவுக்கு வரும். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடும் கயிறு. அப்படிக் கட்டிப்போட்டு விலை பேசிய இடமே மாட்டுத்தாவணி. மாடு போய்விட்டது, பேர் மாத்திரம் நிற்கிறது.

அந்தத் தாவணி கூடிய காலத்திலும் சரி, இன்றைக்கும் நம் ஜில்லாக்களில் கூடுகிற மாட்டுச் சந்தைகளிலும் சரி, மாடு வாங்கப் போகிறவர் எதைப் பார்க்கிறார்? பல்லைப் பார்க்கிறார், அது வயதறிவதற்கு, அதில் நியாயமுண்டு. மடியைப் பார்க்கிறார், அதிலும் நியாயமுண்டு. அதற்குப்பிறகு சுழி பார்க்கிறார். கோபுரச் சுழி இருந்தால் குடும்பம் ஓங்குமாம். பாடைச் சுழி இருந்தால் வீட்டில் பாடை கட்டவேண்டி வருமாம். நோய் நொடியில்லாத, நாலு பேருக்குச் சோறு போடக்கூடிய ஒரு கறவை மாட்டை, அதன் தோலில் நாலு மயிர் இப்படித் திரும்புவதற்குப் பதிலாக அப்படித் திரும்பியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஓர் ஏழைக் குடியானவன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறான். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடிக்கும் தரகர் அதே மாட்டை அடுத்த சந்தையில் நல்ல விலைக்கு விற்கிறார். பாடைச் சுழியானது தரகர் வீட்டில் மாத்திரம் ஏன் பாடை கட்டுவதில்லை என்று யாராவது கேட்டதுண்டா?

தோலில் உள்ள மயிருக்கு இவ்வளவு சாஸ்திரம் வைத்திருக்கிற நாம், அந்தத் தோலுக்குள் இருக்கிற வயிற்றைப்பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதே இன்று நாம் கேட்க வந்த கேள்வி. இது வெறும் படிப்பு விஷயமல்ல. ஒரு குடும்பத்தின் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, பெண்டுகளின் கைக்காசு எல்லாம் அந்த ஒரு வயிற்றை நம்பியே இருக்கின்றன.

ஒவ்வோர் ஆண்டும் மாட்டுப் பொங்கலன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, சூடங்காட்டி, விழுந்து கும்பிடுகிறோம். இதில் நன்றி காட்டுகிற அளவுக்கு நமக்கு ஆக்ஷேபணை இல்லை. உழுத மாட்டுக்கும் பால் கொடுத்த மாட்டுக்கும் ஒருநாள் வேலை நிறுத்தி மரியாதை செய்வது அறுவடைக்காரனுக்கு இருக்கவேண்டிய குணமேயாகும். ஆனால் அதன்பிறகு நடப்பது என்ன? வெல்லம் போட்ட பொங்கல், வெண்பொங்கல், பச்சரிசி, வாழைப்பழம் எல்லாவற்றையும் உருண்டை உருண்டையாக அதன் வாயில் திணிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் தனித்தனியே ஊட்டுகிறோம். அண்டை வீட்டாரும் வந்து ஊட்டிப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள்.

மறுநாள் மாடு தீனி தின்னாது. அசை போடாது. இடப்பக்க வயிறு வீங்கி நிற்கும். புளித்த நாற்றத்தோடு கழியும். தள்ளாடும், படுத்தால் எழுந்திருக்காது. முற்றிப்போனால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். உடனே வீட்டிலே என்ன சொல்லுகிறார்கள்? "நேற்று அவ்வளவு அழகாக ஜோடித்து நிறுத்தினோம், ஊர்க்கண் பட்டுவிட்டது" என்கிறார்கள். மந்திரிக்கிறவனைக் கூப்பிடுகிறார்கள். சிலவிடங்களில் இரும்பைக் காய்ச்சி வயிற்றில் சூடு போடுகிறார்கள். கண் பட்டது என்பதற்குச் சாட்சி ஒருவரும் இல்லை. பொங்கல் பட்டது என்பதற்கோ ஊட்டியவர்கள் அத்தனை பேரும் சாட்சி!

மாட்டின் வயிறு மனிதன் வயிற்றைப் போன்றதல்ல. அது நாலு அறை கொண்டது. முதல் அறை மிகப் பெரியது. பெரிய கறவை மாட்டில் அது 100 லிட்டருக்குமேல் கொள்ளும். இரண்டாவது அறை தேன்கூடுபோல் கண் கண்ணாக இருக்கும். மூன்றாவது புத்தகத்தின் ஏடுகள்போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். நாலாவதுதான் நம் வயிற்றைப்போல் ஜீரண நீர் சுரக்கும் வயிறு. வைக்கோலையும் புல்லையும் அரைத்துச் சத்தாக்கும் சக்தி மாட்டின் உடம்புக்குக் கிடையாது. நமக்கும் கிடையாது, ஆகையால்தான் நாம் வைக்கோல் தின்பதில்லை. மாட்டுக்காக அந்த வேலையைச் செய்வது, அதன் முதலறையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

பசுவின் உடம்பில் முப்பத்து முக்கோடி தேவர்கள் குடியிருப்பதாகப் புராணம் படிக்கிறவர்கள் சொல்லுகிறார்கள். அந்தத் தேவர்களைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் மாட்டின் முதல் வயிற்றிலிருந்து ஒரு மில்லி லிட்டர் நீரை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துக் கணக்கெடுத்த விஞ்ஞானிகள், அதில் சுமார் 1,000 கோடி பாக்டீரியாக்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதாவது ஒரே ஒரு சொட்டிலேயே 33 கோடிக்குமேல் இருக்கின்றன. இவற்றைப் பார்க்க ஞானக்கண் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும், எந்த ஜாதியில் பிறந்தவரானாலும், கண்ணாடியில் கண்ணை வைத்தால் பார்க்கலாம்.

இந்தச் சங்கதி ஒரே நாளில் வெளியானதல்ல. 1843ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்தில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் அந்த வயிற்றுக்குள் காற்று கிடையாது. அதில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் செத்துப்போகும். ஆதலால் அவற்றை வெளியே எடுத்து வளர்த்துப் பார்க்க நெடுநாள் முடியவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஹங்கேட் என்பவர் காற்றுப் புகாமல் அவற்றை வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவர் 1966இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு இன்றும் அஸ்திவாரமாக இருக்கிறது. நூறாண்டுக்குமேல் பலர் பாடுபட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சோதித்து, தவறைத் தள்ளி, சரியை நிறுத்திக் கிடைத்த அறிவு இது. ஒரு ரிஷி கண்ணை மூடிக்கொண்டு சொல்லி, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டதல்ல.

அந்த நுண்ணுயிர்கள் செய்யும் வேலை என்ன? நாரைப் புளிக்க வைத்து ஒருவகைக் காடியாக மாற்றுகின்றன. அந்தக் காடிச்சத்து வயிற்றுச் சுவர் வழியாக இரத்தத்தில் சேருகிறது. மாடு உழுவதற்கும், நடப்பதற்கும், கறப்பதற்கும் வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இதிலிருந்தே கிடைக்கிறது. பாலில் உள்ள கொழுப்பில் ஒரு பெரும் பாகமும் இந்தக் காடியிலிருந்தே உண்டாகிறது. நார்த்தீனி குறைந்தால் பாலில் கொழுப்பு குறைவதும், கொழுப்பு குறைந்தால் பால் சங்கத்தில் காசு குறைவதும் இதனாலேதான். இவ்வளவு வேலையும் செய்துவிட்டு, கடைசியில் அந்த நுண்ணுயிர்களே தீனியோடு நாலாவது வயிற்றுக்குப் போய்ச் ஜீரணமாகி, மாட்டுக்குப் புரதமாகவும் ஆகிவிடுகின்றன. வேலைக்காரனே கடைசியில் சாப்பாடாகிற வினோதத்தை வேறெங்கே காணமுடியும்?

நிற்க. புளிக்க வைக்கும் இடத்தில் புளிப்பு மிஞ்சக்கூடாது. அதற்காகத்தான் மாடு நாள் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து அசை போடுகிறது. அப்படி அசை போடும்போது ஊறும் எச்சில் பெரிய மாட்டில் ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரைக்கும் உண்டு. அந்த எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அது புளிப்பை முறிக்கிறது. முரட்டு நார் இருந்தால்தான் மாடு அசை போடும். அசை போட்டால்தான் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால்தான் புளிப்பு அடங்கும்.

இப்போது பொங்கலைத் திணிப்பதால் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். வெந்த அரிசியிலும் வெல்லத்திலும் நார் இல்லை. மாவும் சர்க்கரையுமே இருக்கின்றன. நாரைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அதில் வேலை இல்லை. மாவைத் தின்னும் வேறொரு கூட்டம் அரைமணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகப் பெருகி, தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலத்தை வயிறு முழுவதும் நிரப்பிவிடுகிறது. அந்தப் புளிப்பில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கூண்டோடு சாகின்றன. உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரத்தம் கெட்டியாகிறது, அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது, மாடு விழுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் கால்நடை டாக்டர்கள் "மாட்டுக்குப் பொங்கலை அளவுமீறிக் கொடுக்காதீர்கள்" என்று எச்சரிக்கிறார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை பத்திரிகையில் ஒரு மூலையில் வருகிறது. நல்ல நேரம் பார்க்கும் பஞ்சாங்கமோ வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது!

"மந்திரித்த பிறகு எங்கள் மாடு பிழைத்துக்கொண்டதே" என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சமாகத் தின்ற மாடு மந்திரிக்காவிட்டாலும் பிழைக்கும். அதிகமாகத் தின்ற மாடு மந்திரித்தாலும் சாகும். பிழைத்ததை மந்திரவாதி கணக்கிலும், செத்ததை விதியின் கணக்கிலும் எழுதிக்கொண்டே போனால் மந்திரவாதிக்கு நஷ்டம் எப்படி வரும்? டாக்டரிடம் சீக்கிரம் போனால் புளிப்பை முறிக்கும் மருந்து கொடுப்பார். இரத்தத்தில் மருந்து நீர் ஏற்றுவார். தேவையானால் வயிற்றைத் திறந்து புளித்ததை வாரி வெளியே போட்டு, நல்ல மாட்டின் வயிற்றுநீரை எடுத்து ஊற்றிப் புதிதாக நுண்ணுயிர்களைக் குடியேற்றுவார். மந்திரிக்கும் நேரம் அத்தனையும் மாட்டின் உயிரில் கழிகிற நேரமாகும்.

பொங்கலுக்குச் சொன்னதே அமாவாசைக்கும் பொருந்தும். அமாவாசையன்று கோவில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு விற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டு வாங்கிக் கட்டியிருக்கிற பசுவின் வாயில் கொடுத்துவிட்டுப் பிதிர்களுக்குப் புண்ணியம் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டு போகிறார்கள். அகத்தி நல்ல தீனி, புரதம் நிறைந்தது. அதைத் தினமும் அளவோடு வைக்கோலோடு சேர்த்துக் கொடுத்தால் கறவை மாட்டுக்கு எவ்வளவோ நன்மை. ஆனால் மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு புதுத் தீனிக்குப் பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒருநாள் கட்டுக்கட்டாகக் கீரையும், மறுநாள் முதல் வெறுங் கடலைத் தோலும் என்றால் அந்த வயிறு தாங்குமா? புண்ணியத்துக்கு அமாவாசை உண்டு. மாட்டு வயிற்றுக்குத் திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அதற்குத் தினந்தோறும் ஒரே அளவாகக் கிடைப்பதே திருவிழா.

அந்தத் தினசரித் தீனியின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். மேலூர்ப் பக்கத்துப் பெரியாறு பாசனத்தில் விளையும் நெல்லின் வைக்கோல்தான் நம் பக்கத்து மாடுகளுக்குப் பெருவாரியான தீனி. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலு பங்குக்குமேல் இல்லை. வயிற்று நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யச் சுமார் ஏழு பங்காவது வேண்டும். அதோடு நெல் வைக்கோலில் ஆக்சலேட் என்ற ஒரு பொருள் உண்டு. அப்படிப்பட்ட தீனியில் கால்நடைக்குச் சுண்ணாம்புச் சத்து எப்படிச் சேருகிறது என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களான தலபத்ரா, ராய், சென் ஆகியோர் ஆராய்ந்து 1948இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். வெறும் வைக்கோல் தின்று எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்குக் குங்குமம் வைத்து என்ன பயன்? பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்குக் காளை வளர்க்கிறவர்கள் அதற்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கணக்குப் பார்த்து வைக்கிறார்கள். அந்த வீட்டுக் காளைக்குக் கிடைக்கும் கணக்கு, நம் வீட்டுக் கறவைக்கும் கிடைக்கவேண்டாமா?

பிண்ணாக்கு வாங்கக் காசில்லை என்றால் அதற்கும் விஞ்ஞானம் வழி சொல்லுகிறது. பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த விர்டானன் என்பவர், 1945இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் புரதமே இல்லாத தீனியோடு யூரியாவையும் அம்மோனிய உப்பையும் மாத்திரம் கொடுத்துப் பசுக்களைக் கறந்து காட்டி, அதை 1966இல் வெளியிட்டார். நுண்ணுயிர்கள் யூரியாவிலிருந்தே புரதம் உண்டாக்கிக்கொள்ளுகின்றன என்பது அதனால் ஐயமற நிலைநாட்டப்பட்டது. வயலுக்குப் போடுகிற அதே யூரியாவைக் கொண்டு வைக்கோலைப் பதப்படுத்தும் முறை இதுதான்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைத்திருக்க வேண்டும். பிறகு எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். வைக்கோல் மிருதுவாகும், புரதமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. யூரியாவை அப்படியே தீனியில் தூவுவதும், குடிதண்ணீரில் கரைத்துக் கொடுப்பதும் மாட்டைக் கொல்லும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலும் கூடாது. அவற்றின் முதல் வயிறு இன்னும் வளர்ந்து தேறவில்லை. முதல் தடவை செய்கிறவர்கள் கால்நடை டாக்டரை வைத்துக்கொண்டு செய்வதே புத்திசாலித்தனம். அரைகுறை மந்திரத்தால் கெடுதலில்லை, ஏனென்றால் முழு மந்திரத்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. அரைகுறை விஞ்ஞானமோ ஆபத்தானது.

இனி, பசுவை லட்சுமி என்று சொல்லுகிற தேசத்தில் அந்த லட்சுமி தெருவில் எதைத் தின்கிறாள் என்பதையும் சொல்லவேண்டும். காலையில் பால் கறந்துகொண்டு தெருவில் விரட்டிவிடுகிறோம். அது குப்பைத் தொட்டியில் பழத்தோலைத் தேடி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு சேர்த்து விழுங்குகிறது. மாடு முதலில் விழுங்கிப் பிறகு மெல்லுகிற பிராணி. ஆகையால் எதையும் வாயில் வைத்துச் சோதிப்பதில்லை. பிளாஸ்டிக்கைச் செரிக்கக்கூடிய நுண்ணுயிர் அந்த வயிற்றில் இல்லை. அது வெளியேயும் போகாது. 2019 அக்டோபரில் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள். 52 கிலோ என்றால் ஓர் ஆள் எடை! வயிறு நிறைந்தே இருப்பதால் மாட்டுக்குப் பசி தெரியாது, சத்தோ இல்லை, நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாகிறது. சாப்பாட்டு மிச்சத்தைப் பையில் கட்டி எறிகிறவர்களில், பசுவைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இல்லையா?

"நம் முன்னோர்கள் இதெல்லாம் தெரிந்தா மாடு வளர்த்தார்கள்?" என்று கேட்பது சிலருக்கு வழக்கம். முன்னோர்கள் கண்டதில் சோதனைக்கு நிற்பதை நாம் தள்ளச் சொல்லவில்லை. நுரை கட்டிய உப்புசத்துக்கு எண்ணெய் புகட்டினார்கள். எண்ணெய் நுரையை உடைக்கிறது என்று இன்றைய டாக்டரும் ஒப்புக்கொள்ளுகிறார். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார்கள். அதில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. இவையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழகிக் கற்றவை. சுழியும் சூடும் மந்திரமும் அப்படிக் கற்றவையல்ல. மேலும் அவர்கள் காலத்தில் ஊர்ப் பொதுவில் மேய்ச்சல் இருந்தது. மாடு பல புல்லும் தழையும் தின்றது. இன்று மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மாடும் சீமைக் கலப்புக் கறவையாகிவிட்டது. மாடும் தீனியும் மாறிய பிறகு அறிவு மாத்திரம் மாறக்கூடாதா?

பெங்களூரில் 1995 முதல் கால்நடைத் தீனிக்கும் உடலியலுக்கும் என்றே மத்திய சர்க்காரின் ஓர் ஆராய்ச்சிக் கழகம் நடந்துவருகிறது. மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் என்ற வாயு வீணாகிறது. தின்ற தீனியின் சக்தியில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு அதில் போய்விடுகிறது. அந்த வாயு பூமியையும் சூடேற்றுகிறது. அதைக் குறைக்க 'ஹரித் தாரா' என்ற தீனிக் கலவையை அக்கழகத்தார் கண்டிருக்கிறார்கள். 17 முதல் 20 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். சந்தோஷமே. ஆனால் ஆராய்ச்சி பெங்களூரில் இருக்கிறது, மாடு உசிலம்பட்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் எங்கே? இன்னொன்று: மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், சாணி அள்ளுவதும், அசை போடுகிறதா இல்லையா என்று கவனிப்பதும் நம் வீட்டுப் பெண்கள். கால்நடைக் கூட்டம் என்று போட்டால் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் ஆண்கள். கூட்டம் கேட்டவர் டீக்கடைக்குப் போகிறார்; கேட்காதவள் தொழுவத்துக்குப் போகிறாள். இந்த அக்கிரமம் மாறி, பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லாதவரை ஆராய்ச்சிக்குப் பலன் பாதிதான் என்போம்.

ஆகவே, தோழர்களே, வருகிற மாட்டுப் பொங்கலுக்கு ஒன்று செய்யுங்கள். மாட்டைக் குளிப்பாட்டுங்கள், ஒருநாள் ஓய்வு கொடுங்கள். பொங்கலை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் சாப்பிடுங்கள். மாட்டுக்கு நல்ல பசும்புல்லும் வைக்கோலும் சுத்தமான தண்ணீரும், முந்தின நாள் வைத்த அளவிலேயே வையுங்கள். ஊட்டியே தீரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒரு பிடியோடு நிறுத்துங்கள். சூடம் வாங்கும் காசில் ஒரு பை தாது உப்புக் கலவை வாங்குங்கள். கால்நடை ஆஸ்பத்திரியின் போன் நம்பரைத் தொழுவத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மாடு அசை போடவில்லை என்று கண்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். தன்னைக் கும்பிடும்படி மாடு உங்களைக் கேட்கவில்லை. அதற்கு வாயிருந்தால் தன் வயிற்றைத் தெரிந்துகொள்ளும்படியே கேட்டிருக்கும்.